பாவாயியைக் கூப்பிட்ட குரல்

போன மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் பழைய வனச்சரக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வாசலிலேயே என்னை மடக்கி, புதிதாக வந்திருக்கும் டிரோனைக் காட்டினார்கள். பிறந்த குழந்தையைக் காட்டுவது போல அத்தனை பெருமை. கதிர்வேல் என்கிற வனக்காப்பாளர் அதன் மகிமைகளை அடுக்கினார்.

“இனிமே காட்டுல ஆள் தொலஞ்சா நாம கால் தேய நடக்க வேண்டியதில்லைங்கண்ணா. உடம்புச் சூட்ட வெச்சே கண்டுபுடிச்சுரும். ஸ்பீக்கரும் இருக்குதுங்க. பேரச் சொன்னா மலை பூரா கேக்கும்.”

“எத்தன தடவ சொல்லும்?” என்று கேட்டேன்.

கதிர்வேல் சிரித்தார். “ஒருக்கா சொன்னாப் போதாதுங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டிவிட்டது. “என்னங்கண்ணா ஆச்சு?” என்று ஆளுக்கொரு பக்கம் துடைத்தார்களே தவிர, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நின்ற வாக்கில் சொல்கிற விஷயமும் இல்லை. “அப்ப எழுதியாச்சும் குடுங்க, எல்லாரும் படிச்சுக்கறோம்” என்றார் கதிர்வேல். அதனால்தான் எழுதுகிறேன். எந்த மலை, எந்தச் சரகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நான் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்தின் சுற்றளவு எடுப்பது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காலில் கொப்புளம் வந்தால் வாயை மூடிக்கொண்டு நடப்பது, இவ்வளவுதான் கற்றுக்கொண்டேன். மிச்சத்தையெல்லாம் மலைதான் கற்றுக்கொடுத்தது, அதுவும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல மாட்டேன்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காயப் போடும் களத்தில் நின்று பார்த்தால் எங்கள் மலை ஒரே சுவராகத் தெரியும். ஏறினால்தான் அது சுவரில்லை, மடிப்பு மடிப்பாகக் கிடக்கிற நிலம் என்று புரியும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஓடை. அடிவாரத்தில் உசிலும் வெள்வேலமும் கள்ளியும். உச்சியில் கோடையிலும் ஈரம் காயாத சோலை. நடுக்காடுதான் வம்பு. முன்பு மூங்கிலும் கடுக்காயும் நின்ற இடத்தையெல்லாம் இப்போது உண்ணிச்செடி பிடித்துவிட்டது. பார்க்க அழகாகப் பூக்கும், உள்ளே எந்தப் புல்லையும் வளர விடாது. ஆள் உயரத்துக்கு மேல் முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கும். அதன் அடியில் கரடியும் பன்றியும் போய்ப் போய் உண்டாக்கின பொந்து வழிகள். குனிந்து நுழைந்து நாலு திருப்பம் திரும்பிவிட்டால் வந்த வழி எது என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

குரலும் அங்கே ஏமாற்றும். பள்ளத்தில் நின்று கத்தினால் சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும். கேட்கிறவருக்கு ஆள் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாது. சில இடங்களில் பாறைதான் பேசுகிறது என்று சத்தியம் செய்யலாம், அப்படிக் கேட்கும்.

இந்த மலைக்குத்தான் சனி ஞாயிறுகளில் கூட்டம். சேலத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள், ராசிபுரத்திலிருந்து வேனில் வருகிறவர்கள், பெங்களூரிலிருந்து கூடாரத்தோடு வருகிறவர்கள். அருவியில் குளிப்பார்கள், பாட்டிலை உடைப்பார்கள், குரங்குக்குச் சிப்ஸ் போட்டுவிட்டுக் குரங்கு பையைப் பறித்தது என்று எங்களிடம் புகார் சொல்வார்கள். ஒரு கோஷ்டி மலைத்தேன் கூட்டுக்கு அடியில் அடுப்பு மூட்டியது. புகை ஏறியதும் தேனீக்கள் இறங்கின. அன்றைக்குக் கல்லூரிப் பையன்கள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்களை ஒவ்வொருவராக ஓடையில் உட்காரவைத்து, ஈரத்துணி போர்த்தி, கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தவர் எங்கள் ரேஞ்சர் தனபாலன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தினக்கூலிக்கு வரும் வேட்டைத் தடுப்புக் காவலரைக் கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஓடையைக் கண்டால் கூட வந்தவர்கள் எல்லாரும் குடித்து முடிக்கும் வரை தண்ணீரைத் தொட மாட்டார். அதே சமயம், சொன்னதைச் சொன்னபடி செய்யவில்லை என்றால் திட்டவும் மாட்டார். நம் பக்கம் திரும்பாமலே ஒரு நாள் முழுக்க இருந்துவிடுவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

காட்டில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தேடலுக்குப் போயிருக்கிறார். எல்லாரும் ஒரே கூச்சல். தொலைந்தவர் பக்கத்துப் புதரிலிருந்து பதில் சொல்லியும், இவர்கள் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லையாம். அன்றிலிருந்து அவருடைய முறை இதுதான். கைக்கெட்டும் தூரம் விட்டு வரிசையாக நடக்க வேண்டும். வரிசை கலையாமல் இருக்க எங்களுக்குள் மட்டும் விசில். கூப்பிடுவது ஒரே ஆள். தொலைந்தவரின் பேரை நீட்டி, தெளிவாக, ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். பிறகு இலை கூட அசையாதபடி எல்லாரும் நின்று காது கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் வெகுதூரம் நகர்ந்து, மறுபடி ஒரே தடவை.

“தேடறது வாயால இல்லீங்க, காதால” என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர்களைக் காட்டுக்குள் சேர்க்கக் கூடாது. அவர்கள் அழுவார்கள், வரிசையை விட்டு ஓடுவார்கள். “ஒருத்தரத் தேடப் போய் ரெண்டு பேரத் தேட வேண்டாமுங்க.” இந்த முறையில் நாங்கள் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். எல்லாம் டவுன்காரப் பிள்ளைகள். பேரைக் கேட்ட மாத்திரத்தில் “சார்! சார்! இங்க சார்!” என்று அலறுவார்கள். முறையில் ஓட்டை இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கூப்பிடுகிற ஆள் எப்போதும் நான்தான். எனக்குத் தொண்டை அப்படி. கோயில் திருவிழாவில் மைக் இல்லாமல் அறிவிப்புச் செய்த பரம்பரை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறையச் சனம் வந்திருந்தது. மலைச்சரிவில் இருக்கும் கோயிலில் ஒரு குழந்தைக்குக் காது குத்து, கிடா வெட்டு. பாவாயி அந்தக் குழந்தைக்குப் பாட்டி முறை, அதன் அப்பனுக்குப் பெரியம்மா. ஐம்பதைத் தாண்டிய அம்மா, மஞ்சள் வேக வைக்கிற வேலை. நல்ல திடகாத்திரம். சாப்பாடு முடிந்ததும் ஒதுங்குவதற்காக உண்ணிச்செடிப் பக்கம் போயிருக்கிறார். அருவிக்கு வழிகாட்டப் பலகை வைத்தோம், செல்ஃபி எடுக்க மேடை கட்டினோம், பெண்பிள்ளைகள் ஒதுங்க ஓர் அறை கட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்று அவர் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிருக்கிறார். அப்படியே போனவர்தான். போன், பையோடு வேனில் கிடந்தது.

தகவல் வந்து நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இருட்டும் வரை தேடினோம். நான் வாயருகே கையைக் குவித்து, “பாவாயீ...” என்று கூப்பிட்டேன். நின்றோம். காதுக்குள் வண்டு ரீங்காரம் தவிர ஒன்றுமில்லை. நகர்ந்தோம், கூப்பிட்டேன், நின்றோம். ஒரு சின்னப் பதில் கூட வரவில்லை.

மறுநாள் காலையில் பாவாயியின் மகன் செந்தில் வந்து சேர்ந்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். ஆந்திராவில் வேலையில் இருந்தவன், சட்டையில் கல்மாவு அப்படியே இருக்க ஓடி வந்திருந்தான். அப்பன் இல்லாத பையன், அம்மா ஒருத்திதான்.

“என்னையும் கூட்டிப் போங்க சார். நான் எங்கேயும் ஓட மாட்டேனுங்க. சும்மா பின்னாலயே வாரேன்” என்று ரேஞ்சரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

தனபாலன் சார் கையை உருவிக்கொள்ளவில்லை. “தம்பி, உங்கம்மாவுக்கு நீங்க பத்திரமா இருக்கறது முக்கியமுங்க. இங்கயே இருங்க. நாங்க கூட்டிட்டு வர்றோம்” என்றார். அவன் கோயில் படியில் உட்கார்ந்து, மண்டையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஒரு செருப்பு கிடைத்தது. எங்கே தெரியுமா? மேலே. ரேஞ்சர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வழி தெரியாதவங்க பள்ளத்தப் பாத்துத்தான் இறங்குவாங்க, ராமசாமி. கீழ ரோடு இருக்கு, பஸ் சத்தம் கேக்குது. இவங்க எதுக்கு ஏர்றாங்க?”

வயசான உடம்பு, சோறு தண்ணீர் இல்லாமல், செருப்பு கூட இல்லாமல், கோயிலையும் ரோட்டையும் விட்டு விலகி உள்காட்டுக்கு ஏறுகிறது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தோம். செருப்பு கிடந்த இடத்திலிருந்து நான் கூப்பிட்டேன். மேலே எங்கோ கற்கள் சரசரவென்று உருண்ட சத்தம் கேட்டது. கரடியாக இருக்கும் என்று வரிசையை நிறுத்தினோம். ரேஞ்சர் கையைக் காட்ட, வேறு பக்கமாகச் சுற்றிப் போனோம். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது எனக்கு.

மூன்றாம் நாள் காலை நாங்கள் வரிசை போட்டுக்கொண்டிருக்கும்போது செந்தில் படியில் இல்லை. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் டீ குடிக்கத் திரும்பின நேரத்தில் காட்டுக்குள் புகுந்துவிட்டான். “பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்” என்றார் ரேஞ்சர். அவர் முகம் கறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் போன திசை தெரிய எங்களுக்குக் கஷ்டமே இல்லை. கத்திக்கொண்டே போனான். “அம்மா! அம்மோவ்! நாந்தாம்மா! செந்திலும்மா! அம்மா! எங்கம்மா இருக்க? அம்மா!” மூச்சு விடக் கூட நிறுத்தவில்லை. பால் குடி மறக்காத குழந்தை மாதிரி ஒரே கூப்பாடு. எங்கள் முறைக்கு நேர் எதிர். இவன் சத்தத்தில் எந்தப் பதில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். ஒரு பாறை முனையில் தொண்டை அடைத்துப் போய் இருமினான். அந்த இடைவெளியில் கீழேயிருந்து வந்தது குரல்.

“சாமீ... இங்கிருக்கேன் சாமி...”

பாறைக்குக் கீழே ஓர் இடுக்கில் பாவாயி கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து வீங்கிக் கறுத்திருந்தது. உதடு வெடித்து, சேலை கிழிந்து, பாறையில் கசிகிற ஈரத்தை நக்கி உயிரை வைத்திருந்தார். செந்தில் எப்படி இறங்கினான் என்று எனக்குத் தெரியவில்லை, குதித்தானா உருண்டானா என்று. நாங்கள் சுற்றிக்கொண்டு இறங்குவதற்குள் அம்மாவின் தலை அவன் மடியில் இருந்தது.

காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். கம்பில் வேட்டியைத் தூளியாகக் கட்டி, அதில் கிடத்தித் தூக்கினோம். எல்லாருக்கும் சந்தோஷம் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் ஏதோ தமாஷ் கூடச் செய்தேன். வழியில் ஒரு நிழலில் இறக்கி, ரேஞ்சர் பாட்டில் மூடியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா மேல ஏறிட்டே போனீங்க? கீழ வந்திருந்தா ரோடுங்களே.”

பாவாயி சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் மகன் இருக்கிறானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அது கூப்பிட்டுச்சு சாமி.”

“எதும்மா?”

“என்ற பேரச் சொல்லி. மொத நாளு பொழுது எறங்கறப்பவே கூப்பிட்டுச்சு. கீழ்ப் பாறைக்குள்ள இருந்து வந்துச்சு சத்தம். ஒருக்கா கூப்பிடும், அப்பறம் கப்சிப்புன்னு ஆயிரும். காட்டுல ஒத்தக் குரலுக்குப் பதில் பேசக் கூடாதுன்னு எங்கூட்டுல சொல்லியிருக்காங்க. மனுசன்னா மூணு தடவ கூப்பிடுவான். அது மூணு தடவ கூப்பிடவேயில்ல. வாயப் பொத்திக்கிட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா மேல ஓடுனேன். நேத்து நெம்பக் கிட்டக்க வந்து கூப்பிட்டுச்சு. பயந்துக்கிட்டு ஏறுனேன், கல்லு சரிஞ்சு உழுந்துட்டேன்.”

ரேஞ்சர் மூடியைத் தரையில் வைத்தார். என் அம்மாவும் இதைத்தான் சொல்லி வளர்த்தாள். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், வீட்டு வாசலில் யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்திருக்காதே, மூன்றாம் தடவைக்குப் போ என்பாள். நாமக்கல் சீமையில் எந்த அம்மாதான் சொல்லவில்லை? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் காக்கிச் சட்டை போட்ட பிறகு நாங்கள் கூப்பிடுகிறவர்கள் ஆகிவிட்டோம். கேட்கிறவர் பக்கம் ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை.

ரேஞ்சர் மெதுவாகச் சொன்னார். “அம்மா, அது நாங்கதானுங்க. உங்களத் தேடித்தான் கூப்பிட்டோம்.”

பாவாயி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமே இல்லை. ஆச்சரியம்தான்.

“நீங்களா? ஏஞ்சாமி, அப்பறம் எதுக்கு ஒருக்கா கூப்புட்டுட்டுச் சும்மா இருந்தீங்க?”

தனபாலன் சார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தூளியைத் தூக்கி நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் திரும்பிப் போய்க் கைகொடுத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் சேலத்துக்குப் போனது. ஒடிந்த காலில் சீழ் வைத்து, அந்த விஷம் உடம்பில் கலந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். தண்ணீர் இல்லாமல் கிடந்ததில் சிறுநீரகமும் படுத்துவிட்டது. அவர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பாவாயி இறந்துபோனார். முதல் நாள் சாயந்திரம் ஒரு கீறல் கூட இல்லாமல், நான் கூப்பிட்ட குரல் கேட்கிற தூரத்தில் நின்றிருந்த மனுஷி. நாங்கள் தேடவே போகாமல் இருந்திருந்தால், பஸ் சத்தத்தைக் கேட்டுத் தானாகவே ரோட்டுக்கு இறங்கியிருப்பார்.

ரேஞ்சர் தம் முறையை மாற்றினார். சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும், அவர்தான் கூப்பிட வேண்டும், உறவு முறை சொல்லி, தான் யார் என்று சொல்லி, திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் காது கொடுக்க வேண்டும். எங்கள் முன்னால் இதைச் சொல்லும்போது அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதிர்வேல் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்ல வந்தது இதுதான். அந்த மெஷின் வானத்திலிருந்து ஒருத்தியின் பேரை ஒரு தடவை சொன்னால் அவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று யோசித்துவிட்டு, பிறகு சுவிட்சைத் தொடுங்கள்.

துக்கம் கேட்க நானும் ரேஞ்சரும் நாமகிரிப்பேட்டைக்குப் போனோம். செந்தில் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். “எங்கம்மாவத் தேடி இத்தன பேரு சோறு தண்ணியில்லாம அலஞ்சீங்களே” என்று ரேஞ்சரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு என்னிடம் வந்தான். “நீங்கதானுங்களாண்ணா கூப்பிட்டது?”

“ஆமாப்பா.”

“அங்க கூப்பிட்டாப்லயே ஒருக்கா கூப்பிடுங்கண்ணா. எங்கம்மாவுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியோணும்.”

வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் காட்டுக்குக் கூட்டிப் போனான். என்னை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, வெகுதூரம் உள்ளே நடந்துபோய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் கையைக் குவித்து, நீட்டிக் கூப்பிட்டேன். “பாவாயீ...” பிறகு முறைப்படி நிறுத்தினேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். ஒருத்தி கூட என்னவென்று கேட்கவில்லை.

செந்தில் அங்கேயே நின்றான். திரும்பி வந்தபோது அவன் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன்.

“நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேனுங்கண்ணா” என்றான்.